செத்த கிருமிக்கும் பாசிட்டிவ் வரும்

ஆம்பூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்:

“என் தம்பிக்கு 27 வயது. ஷூ கம்பெனியில் கட்டிங்கில் வேலை. தை மாதம் ஆரம்பித்த இருமல் மாசி முடிந்தும் நிற்கவில்லை, சாயங்காலமானால் காய்ச்சல், 52 கிலோ இருந்தவன் 46 ஆகிவிட்டான். சளி டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் விடாமல் சிபிநாட் எடுக்கச் சொன்னார். அதில் டிபி இருக்கிறது, ‘லோ’, ரிஃபாம்பிசின் என்கிற டிபி மருந்து வேலை செய்யும் என்று வந்தது. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் முடிந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், மறுபடியும் 52 கிலோ. திரும்பச் சளி பார்த்ததிலும் நெகட்டிவ். வேலைக்குப் போனால், டிபி இல்லை என்று ரிப்போர்ட் கொண்டு வா என்கிறார் சூப்பர்வைசர். அதனால் தனியார் லேபில் இரண்டாயிரத்துக்கு மேல் கட்டி அதே சிபிநாட்டை எடுத்தோம். மறுபடியும் டிபி இருக்கிறது, ‘வெரி லோ’, ரிஃபாம்பிசின் ‘இன்டிடெர்மினேட்’ என்று வந்திருக்கிறது. மருந்து கேட்கவில்லையா? பெரிய மருந்துக்கு மாற வேண்டுமா? சி.எம்.சி.க்குக் கூட்டிப் போய் இன்னொரு தடவை எடுக்கலாமா? முதலில் வந்த நெகட்டிவ் பொய்யா, இந்தப் பாசிட்டிவ் பொய்யா? வீட்டில் எனக்கு நாலு வயசுப் பையன் இருக்கிறான், பயமாக இருக்கிறது.”

அம்மா, இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் தம்பி இன்றைக்கு மாத்திரை போட்டாரா என்று கேட்டுவிட்டு வாருங்கள். போட்டிருந்தால் சரி. இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து மனசு விட்டு நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லித் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால் மருந்து நன்றாகவே கேட்கிறது. காய்ச்சல் போனதும் ஆறு கிலோ ஏறியதும் எந்த மெஷினும் சொல்லாத சேதி.

நான் நெஞ்சு நோய் டாக்டர் இல்லை. மைக்ரோபயாலஜி படித்துவிட்டு இந்த வேலூர் சுற்றுவட்டாரத்தில் சளி லேபிலேயே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன். மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் டாக்டர் வேலை, ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது என் வேலை, அதை மட்டும் சொல்கிறேன்.

உங்களிடம் நாலு ரிப்போர்ட் இருக்கிறது. நாலில் ஒன்று கூடப் பொய் இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது, கடைசியில் எடுத்தது மட்டும் கேட்டிருக்கவே வேண்டாத கேள்வி.

முதல் சளி டெஸ்டை எடுத்துக்கொள்வோம். சளியை ஸ்லைடில் தேய்த்துக் காய வைத்து, சிவப்புச் சாயத்தை ஊற்றி அடியில் நெருப்புக் காட்டி ஆவி பறக்க விட்டு, ஆசிட்டால் கழுவி, அப்புறம் நீலச் சாயம் விடுவோம். மற்றதெல்லாம் நீலமாகிவிடும், காசநோய்க் கிருமி மட்டும் பிடித்த சிவப்பை விடாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீலத் துணியில் ஒட்டிய சிவப்பு நூல் துணுக்கு மாதிரி இருக்கும், லேசாக வளைந்து, இரண்டு மூன்று சேர்ந்து கிடக்கும். 1882ல் ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டு சொன்ன காலத்திலேயே பிறந்த முறைதான், இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் அது கண்ணில் மாட்டும். நாங்கள் பார்ப்பதோ ஸ்லைடில் நூறு இடம், அதுவும் மதியத்துக்கு மேல் நாற்பதாவது ஸ்லைடு என்றால் கண் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தம்பியின் சளியில் அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருந்திருக்கிறது. கிருமி இருந்தது, கண்ணுக்கு எட்டவில்லை. நெகட்டிவ் வந்த பிறகும் எக்ஸ்ரேயை நம்பி அடுத்த டெஸ்டுக்கு அனுப்பினாரே, அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். இருமல் டானிக்கும் ஆன்டிபயாடிக்கும் மாற்றி மாற்றி எழுதி ஆனி மாதம் வரை இழுத்திருக்கவும் முடியும்.

இப்போது சிபிநாட். ஜீன் எக்ஸ்பெர்ட் என்பதும் இதைத்தான். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பாதான் கார்ட்ரிட்ஜ். சளி ஒரு பங்கு, அதற்கென்று வருகிற கரைசல் இரண்டு பங்கு, சேர்த்துக் குலுக்கிப் பதினைந்து நிமிடம் வைத்தால் கெட்டிச் சளி தண்ணீராக இளகிவிடும். அதில் 2 மில்லியை உறிஞ்சிக் கார்ட்ரிட்ஜில் விட்டு மூடி மெஷினில் மாட்டினால் எங்கள் வேலை முடிந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் வந்துவிடும். உள்ளே நடப்பது இது: கிருமிகள் முதலில் ஒரு வடிகட்டியில் சிக்கும், சுற்றியுள்ள குப்பை கழுவப்படும், அப்புறம் ஒலி அதிர்வில் கிருமியை உடைத்து அதனுள்ளே இருக்கும் மரபணுவை வெளியே எடுத்து, அதில் ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் நகலெடுக்கும். ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக, முப்பது சுற்று முடியும்போது ஒன்று 107 கோடியாகி நிற்கும். அதனால்தான் ஒரு மில்லியில் நூற்று முப்பது கிருமி இருந்தாலும் இது பிடித்துவிடுகிறது. புதிதாக வந்திருக்கும் அல்ட்ரா கார்ட்ரிட்ஜுக்குப் பதினாறே போதும்.

உலக சுகாதார நிறுவனம் இந்த டெஸ்டை 2010 டிசம்பரில் அங்கீகரித்தது. அதற்கு முன்னால் ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்று தெரிய பெரும்பாலும் கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். முட்டை கலந்த பச்சை நிற மீடியத்தில் சளியை விட்டுவிட்டு ஆறு வாரம், எட்டு வாரம் காத்திருப்போம், அதற்குள் சில பேர் பெயரை ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் அடித்திருப்போம். அந்தக் காலத்திலிருந்து வந்தவனுக்கு இரண்டு மணி நேரம் என்பது இன்னும் மாயம் மாதிரிதான் இருக்கிறது. ஒரே தொல்லை, மெஷின் இருக்கிற அறை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் லேபில் மனுஷனுக்கு வராத ஏசி மெஷினுக்கு வந்தது, மே மாதம் முழுக்க அந்த அறையில் எல்லாருக்கும் ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். ட்ரூநாட் என்று கோவா கம்பெனி செய்கிற இன்னொரு மெஷின் இருக்கிறது, பேட்டரியில் ஓடும், அதனால் ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் அது போய்விட்டது. அதற்கு 2020ல் அங்கீகாரம் கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மெஷின் தேடுவது கிருமியின் மரபணுவை. அது உயிரோடு இருக்கிறதா, மருந்தில் செத்துப்போன கிருமியின் கூட்டுக்குள் மிச்சமிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. தாத்தா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் ரேஷன் கார்டில் பேர் இருக்கும் இல்லையா, அந்தப் பேரைப் படித்துவிட்டு ஆள் இருக்கிறார் என்று மெஷின் சொல்கிறது, அவ்வளவுதான். காசநோய்க் கிருமியின் மேல் தோல் மெழுகு பூசிய மாதிரி கெட்டியானது, செத்தாலும் சட்டென்று கரையாது. நுரையீரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சளியோடு வெளியே தள்ள மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாதம் முழுசாக மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களிலும் சிலருக்கு இது பாசிட்டிவ் காட்டும், அல்ட்ராவில் வருஷம் கழிந்த பிறகும் ‘டிரேஸ்’, அதாவது துளியூண்டு இருக்கிறது என்று வருவதுண்டு. அதனால்தான் நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இந்த டெஸ்ட், மருந்து கேட்கிறதா என்று பார்க்க இது கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இரண்டாவது மாத முடிவில் உங்கள் ஆஸ்பத்திரியில் பழைய ஸ்லைடு டெஸ்ட் எடுத்தார்களே, அது பழமை என்பதால் எடுத்ததில்லை, அந்த இடத்துக்கு அதுதான் சரி. அது நெகட்டிவ். நல்ல சேதி அங்கேயே வந்துவிட்டது.

‘லோ’ ‘வெரி லோ’ ஆகியிருக்கிறதே, ஒரு படி இறங்கியிருக்கிறதே என்று சந்தோஷப்படவும் வேண்டாம். ஒரே ஆளின் காலைச் சளிக்கும் மதியச் சளிக்குமே அந்த அளவு மாறும்.

உங்களைப் பயமுறுத்தியது ‘இன்டிடெர்மினேட்’ என்கிற வார்த்தைதான் என்று நினைக்கிறேன். அதற்கு அர்த்தம் ‘சொல்ல முடியவில்லை’. ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமியில் பெரும்பாலும் ஒரு சின்ன இடத்தில்தான், மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள துண்டில்தான், மாற்றம் இருக்கும். அந்தத் துண்டை ஐந்து பகுதியாகப் பிரித்து ஐந்தும் ஒழுங்காக இருக்கிறதா என்று மெஷின் பார்க்கிறது. சரக்கு ரொம்பக் குறைவாக இருந்தால் பார்த்துச் சொல்ல அதற்குப் போதாது, கையை விரித்துவிடும். எதிர்ப்பு இருந்திருந்தால் ‘ரெசிஸ்டன்ஸ் டிடெக்டெட்’ என்று நேராகவே அச்சாகியிருக்கும், அப்படி வந்தாலும் கூட கிருமி ரொம்பக் குறைவாக இருக்கிற சளி என்றால் இன்னொரு சளி வாங்கித் திரும்பப் பார்ப்பதுதான் நல்ல லேபின் வழக்கம். உங்கள் முதல் ரிப்போர்ட்டில் ரிஃபாம்பிசின் கேட்கும் என்று தெளிவாக இருக்கிறது. அதை நம்புங்கள்.

ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள். இந்த டெஸ்ட் ரிஃபாம்பிசினைப் பற்றி மட்டும்தான் பேசும், ஐசோனியாசிட் என்கிற இன்னொரு டிபி மருந்து கேட்குமா என்று சொல்லாது. அதற்கு எல்பிஏ என்று வேறு டெஸ்ட், இரண்டாவது சளி டப்பாவைப் பெரிய லேபுக்கு அனுப்பி எடுப்பார்கள். ஆரம்பத்தில் தம்பிக்கு அது போனதா, ரிசல்ட் வந்ததா என்று டிபி யூனிட்டில் விசாரியுங்கள். இரண்டாயிரம் ரூபாய் ரிப்போர்ட்டை விட அந்தக் காகிதம் உங்களுக்கு உபயோகம்.

இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் இருக்கிறது. பேரணாம்பட்டுப் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்த ஒருவர், நாற்பது வயசு இருக்கும். ஐந்தாவது மாதம், உடம்பு தேறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், வேறு எதற்கோ ஒரு நர்சிங் ஹோமுக்குப் போயிருக்கிறார். அங்கே சும்மா இருக்கட்டும் என்று இந்த டெஸ்டை எடுத்து, பாசிட்டிவ் என்றதும், ஐந்து மாதமாகச் சாப்பிட்டது வேஸ்ட் என்கிற மாதிரி யாரோ பேசிவிட்டார்கள். மனுஷன் வேஸ்ட் என்றால் எதற்குச் சாப்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நான் அவரைப் பார்த்தது அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து, லேப் ஜன்னலில். நீட்டிய டப்பாவில் சளியோடு ரத்தம் கோடு கோடாக இருந்தது, ஸ்லைடில் எந்தப் பக்கம் திருப்பினாலும் சிவப்பு. பையிலிருந்து அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டி, “அப்பவே மருந்து கேட்கலன்னு சொன்னாங்க சார்” என்றார். என்னத்தைச் சொல்ல.

சூப்பர்வைசர் விஷயம். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை, பக்கத்து டேபிளில் உட்காருகிற ஐம்பது பேருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவர் கேட்க வேண்டிய காகிதம் வேறு. சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம், இன்ன தேதியிலிருந்து மருந்து சாப்பிடுகிறார், இரண்டாவது மாதச் சளி நெகட்டிவ், வேலைக்குப் போகலாம் என்று ஒரு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் எழுதி வாங்குங்கள். கிருமிக்குக் கேட்கிற மருந்தை ஒழுங்காகப் போட்டால் சில வாரத்திலேயே அடுத்தவருக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும், தம்பி இரண்டு மாதம் தாண்டிவிட்டார். மெஷின் நெகட்டிவ்தான் வேண்டும் என்று கம்பெனி பிடிவாதம் பிடித்தால், குணமானவருக்கே அது கிடைக்காமல் போகலாம் என்பதையும் டாக்டரையே ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

சி.எம்.சி.க்குப் போகலாமா என்றால், டாக்டரைப் பார்க்க எங்கே வேண்டுமானாலும் போங்கள், அது உங்கள் இஷ்டம். இதே டெஸ்டைத் திரும்ப எடுப்பதற்காகப் போக வேண்டாம். சி.எம்.சி.யில் எடுத்தாலும் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் எடுத்தாலும் செத்த கிருமி செத்த கிருமிதான், மெஷின் அதே பதிலைத்தான் சொல்லும். உண்மையிலேயே உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று தெரிய வேண்டிய நிலை வந்தால் அதற்குக் கல்ச்சர்தான் வழி, உயிர் இருந்தால்தானே வளரும். திரவத்தில் வளர்க்கும் முறையில் நெகட்டிவ் என்று முடிவாகச் சொல்ல 42 நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள். காய்ச்சல் திரும்பி வந்தால், ஏறிய எடை இறங்கினால், சளியில் ரத்தம் தெரிந்தால், அடுத்த ஸ்லைடு டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால், அப்போது டாக்டரே கல்ச்சருக்கும் எல்பிஏக்கும் அனுப்புவார். இப்போதைக்கு அதில் எதுவும் இல்லை.

எடை என்றதும் ஞாபகம் வருகிறது. தம்பி 46 கிலோவில் ஆரம்பித்தவர், இப்போது 52 என்கிறீர்கள். அரசு திட்டத்தில் மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது, 35 முதல் 49 கிலோ வரை நாளைக்கு 3, 50 முதல் 64 வரை 4. இரண்டு மாதம் முடிந்து நாலு மருந்து மூன்று மருந்தாக மாறும் இந்த நேரத்தில் யாராவது அவரைத் தராசில் ஏற்றினார்களா? ஏற்றவில்லை என்றால் அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது நீங்களே கேளுங்கள். நீங்களாகவே ஒன்றைக் கூட்டிக் கொடுத்துவிட வேண்டாம். அப்படியே சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் பேங்க் கணக்கில் ஏறுகிறதா என்றும் பாருங்கள், 2024 அக்டோபர் வரை 500 ஆக இருந்தது.

ஆறாவது மாத முடிவில் மறுபடியும் சளி கேட்பார்கள். அப்போதைக்கு ஒரு வார்த்தை, லேப்காரன் புலம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வருகிற டப்பாவில் பாதிக்கு மேல் எச்சில்தான். வெற்றிலைச் சாறு கூட வந்திருக்கிறது. எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, மொட்டை மாடி மாதிரி திறந்த இடத்துக்குப் போய், இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்து விட்டு, தொண்டையிலிருந்து காறாமல் அடி நெஞ்சிலிருந்து இரும வேண்டும். கெட்டியாக, நூல் நூலாக, ஒரு டீஸ்பூன் கிட்ட வந்தால் போதும். மூடியை இறுக்கி அன்று காலையிலேயே கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள். வண்டி டிக்கியில் வைத்துவிட்டு நாலு வேலை முடித்துக்கொண்டு வந்தால் அது வெந்துபோயிருக்கும். நல்ல மெஷின் கெட்ட சளியை ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், இதே தம்பி இரண்டு மூன்று வருஷம் கழித்து இருமலோடு எங்காவது போய் இந்த மாதிரி டெஸ்ட் எடுக்க நேர்ந்தால், ஏற்கெனவே டிபி மருந்து சாப்பிட்டவர் என்று அங்கே முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இப்போது உங்களுக்கு நடந்தது அப்போதும் நடக்கும்.

இதைப் படிக்கிற வேறு வீட்டுக்காரர்களுக்காக: இதே டெஸ்ட் முதல் தடவை நெகட்டிவ் வந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. ஸ்லைடில் தெரியாமல் கல்ச்சரில் மட்டும் வளர்கிற டிபியில் பழைய கார்ட்ரிட்ஜ் நூற்றுக்கு 67 பேரைத்தான் பிடித்தது. மீதி ஆட்களைப் பிடிப்பது எக்ஸ்ரேயும் டாக்டரின் சந்தேகமும்தான்.

உங்கள் பையன். தம்பிக்கு நோய் தெரிந்த அன்றே வீட்டில் இருக்கிற எல்லாரையும் பார்த்திருக்க வேண்டும், குறிப்பாக ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளையை. கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லாததால் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இருமல், காய்ச்சல், எடை ஏறாமல் இருப்பது என்று ஏதாவது இருந்தால் எக்ஸ்ரேயும் டெஸ்டும் எடுப்பார்கள். நாலு வயசுக் குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாது, வெறும் வயிற்றில் டியூப் விட்டு எடுக்க வேண்டி வரலாம், பயந்துவிட வேண்டாம். நோய் இல்லை என்று உறுதியானால் வராமல் தடுக்க மாத்திரை கொடுப்பார்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். வெளியே யாராவது டிபிக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அதை 2012லேயே அரசு தடை செய்துவிட்டது. தம்பி அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகிற அன்றைக்கே பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், தடுப்பூசி அட்டையில் எடை குறித்த பக்கம் இருக்கும், அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.